துடுப்பு மீன் வந்தால் சுனாமி வருமா? நம்ம கடலின் விநோத உயிரினங்கள் பற்றி ஒரு இழை

நெல்லைச் சீமைக்காரன்:

வணக்கம் மக்களே. 2025-ல் தமிழகக் கடலில் பிடித்ததாகச் சுற்றிய அந்தத் துடுப்பு மீன் வீடியோ மறுபடியும் எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்துவிட்டது. பல பேர் சேர்ந்து தாங்கிப் பிடிக்கும் நீளம், வெள்ளி நிற உடம்பு, தலையில் சிவப்புக் கொண்டை. கீழே வழக்கம்போல, இது பேரழிவு மீன், மேலே வந்தால் சுனாமி நிச்சயம், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று ஒரு குறிப்பு. எங்கள் அத்தை கூட்டப்புளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்கள், 2004-ல் கடல் ஏறி வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அந்த வீடியோ வந்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை, போன் போட்டு என்னிடம் கேட்கிறார்கள். இப்படி ஒரு குறிப்பை எழுதி அனுப்புகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. கடலுக்குப் போகிறவர்களும் கடல் படிப்புப் படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இந்த மீன் என்ன மீன், இதற்கும் நிலநடுக்கத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? அப்படியே நம்ம பக்கத்துக் கடலில் இதுபோல வேறு என்னென்ன இருக்கிறது என்றும் சொன்னால் நல்லது.

முத்துநகர் மீன்வள மாணவி:

அத்தையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள் அண்ணாச்சி. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1928 முதல் 2011 வரை அங்கே துடுப்பு மீனும் அதன் உறவான ஆழ்கடல் மீன்களும் தென்பட்ட 336 சம்பவங்களை எடுத்து, அதே காலத்தில் வந்த 221 நிலநடுக்கங்களோடு வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது ஒன்றே ஒன்று. 2019-ல் வெளியான ஆய்வு இது. 336-ல் ஒன்று என்றால் தற்செயல், அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கை ஜப்பானில் இருந்து வந்தது. அங்கே இதைக் கடலரசன் அரண்மனைத் தூதன் என்பார்கள். 2011 நிலநடுக்கத்துக்கு முன்னால் சில துடுப்பு மீன்கள் அங்கே கரை ஒதுங்கியிருந்ததால் அந்தக் கதை உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

மீனைப் பற்றிச் சொல்வதானால், எலும்புள்ள மீன்களில் இதைவிட நீளமானது கிடையாது. 8 மீட்டர் வரை வளர்வது உறுதியான கணக்கு, அதற்கு மேலும் சொல்வார்கள். சில நூறு மீட்டர் ஆழத்தில், தலை மேலே வால் கீழே என்று செங்குத்தாக நிற்கும். உடம்பை வளைக்காமல் முதுகுத் துடுப்பை மட்டும் அலை அலையாக அசைத்தே நகரும். வாயில் பல்லே இல்லை, கூனிப்பொடி போன்ற சின்ன உயிர்களை வடிகட்டித் தின்னும். நீங்கள் பார்த்த சிவப்புக் கொண்டை அந்த முதுகுத் துடுப்பின் முதல் சில முட்கள் நீண்டு நிற்பது. பிடிபடுகிற பலவற்றுக்கு வால் நுனி இருக்காது, தானே கழற்றிவிடும் என்று சொல்கிறார்கள். மேலே வருவது பெரும்பாலும் நோயுற்றதோ அடிபட்டதோதான். சாகக் கிடக்கிற ஒரு உயிரைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பயமுறுத்துகிறோம்.

நிலநடுக்கம் வந்தால் சுனாமி எச்சரிக்கை கொடுக்க ஹைதராபாத்தில் இன்காய்ஸ் மையம் 2007 முதல் இருக்கிறது. அத்தை அந்த எச்சரிக்கையை நம்பட்டும்.

உவரி அலைவாய்:

தங்கச்சி சொன்னது சரி. நான் அதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் கரையில் எந்தப் பெரியவரும் அந்த மீனுக்குச் சுனாமிக் கதை சொல்லி நான் கேட்டதில்லை. கடல் குறி என்று எங்களுக்கு நிறைய உண்டு. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது, கச்சான் காற்று எப்போது விழும், தண்ணீர் நிறம் மாறினால் என்ன மீன்பாடு கிடைக்கும், பறவை எங்கே கூடுகிறது, இதெல்லாம் பார்த்துத்தான் கட்டுமரம் தள்ளினார்கள், இன்றைக்கும் ஃபைபர் படகு தள்ளுகிறோம். அது தினமும் சரிபார்த்த அறிவு, தப்பினால் உயிர் போகும். அதையும் வாட்ஸ்அப்பில் வருகிற இந்தக் கதையையும் ஒன்றாகச் சேர்த்து 'மீனவர் நம்பிக்கை' என்று டிவியில் சொல்கிறார்கள். எங்கள் நம்பிக்கை அல்ல அது.

விநோதம் என்றால், வேளா மீனைச் சொல்வேன். என் வயதுக்காரர்கள் யாரும் உயிரோடு பார்த்ததில்லை. பெரியப்பா காலத்தில் மடி வலையில் மாட்டும். மூக்கு முன்னால் நீண்டு, இரண்டு பக்கமும் வரிசையாகப் பல் வைத்து, ரம்பமேதான். எங்கள் ஊர்ப்பக்கம் வேளாக் கொம்பு வைத்திருந்த வீடுகள் உண்டு. அந்தக் கொம்பு வலையில் சிக்கினால் வலையும் போகும், வேளாவும் போகும், அதனால்தான் சீக்கிரம் ஒழிந்தது.

பாளை உயிரியல் டீச்சர்:

உவரித் தம்பி வேளாவை எடுத்தது மனதுக்குச் சந்தோஷம். பட்டினப்பாலையில் பரதவர் சினைச் சுறாவின் கோட்டை மணலில் நட்டு வழிபட்டதாக வருகிறது அல்லவா, அது வேளாக் கொம்பாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். வேறு எந்தச் சுறாவுக்கு நடுகிற அளவுக்குக் கொம்பு இருக்கிறது? பார்க்கச் சுறா போல இருந்தாலும் வேளா திருக்கை இனம். செவுள் பிளவுகள் உடம்புக்கு அடியில் இருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தக் கொம்பு வெறும் ஆயுதம் இல்லை. அதன் தோல் முழுக்க நுண்ணிய உணர்வுத் துளைகள் உண்டு, கலங்கிய தண்ணீரிலும் இரையின் உடம்பிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை அதில் உணர்ந்து, பிறகு ஒரே வீச்சில் அடித்துக் கிழிக்கும். உலகத்தில் மொத்தம் 5 வகை வேளாதான், எல்லாமே அழிவின் ஓரத்தில் நிற்கின்றன. 2001-ல் நம் அரசு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதைச் சேர்த்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கும்பிட்ட உயிரை நாற்பது ஐம்பது ஆண்டுகளில் நைலான் வலையால் தொலைத்துவிட்டோம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தாங்கவில்லை.

வள்ளியூர் வாசகன்:

எல்லாம் சரி, விநோதம் என்றால் ஆழ்கடல்தானே? நம்ம கரையில் என்ன இருந்துவிடப் போகிறது? தூண்டில் மீன் என்று ஒன்று உண்டாமே, தலையில் விளக்கு வைத்துக்கொண்டு. அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

முத்துநகர் மீன்வள மாணவி:

அந்த விளக்கு பெண் மீனுக்கு மட்டும்தான். விளக்கு நுனியில் ஒளிவிடும் பாக்டீரியா குடியிருக்கிறது, அந்த வெளிச்சத்தைத் தேடி வருகிற இரையை அப்படியே விழுங்கும். ஆணோ மிகச் சின்னது. சில வகைகளில் அது பெண்ணைத் தேடிப் பிடித்து அதன் உடம்பில் கடித்துத் தொங்கும், கொஞ்ச நாளில் தோலும் தோலும் ஒட்டி, ரத்தக்குழாயும் ஒன்றாகிவிடும். அப்புறம் அந்த ஆணுக்குத் தனியாகத் தின்னவும் வேண்டாம், நீந்தவும் வேண்டாம். 1922-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர் ஒருவர் ஒரு பெண் மீனின் வயிற்றில் ஒட்டியிருந்த இரண்டு சின்ன மீன்களைக் குட்டிகள் என்றே எழுதினார். அவை ஆண் மீன்கள் என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். நமக்கு இன்னொருவர் சிறுநீரகத்தை வைத்தால் உடம்பு அதை ஏற்காமல் தாக்கும், வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். இந்த மீன் முழு உடம்பையே ஏற்றுக்கொள்கிறதே, எப்படி? 2020-ல் மரபணுக்களைப் பார்த்தபோது, ஒட்டி வாழும் வகைகளில் அந்நிய உடம்பைத் தாக்குகிற நோய் எதிர்ப்பு முறையின் முக்கியப் பகுதிகளே இல்லை என்று கண்டார்கள். நமக்கு அது இல்லாவிட்டால் உயிரே இருக்காது. அது இல்லாமல் ஒரு மீன் கூட்டம் இருட்டுக்குள் நன்றாக வாழ்கிறது.

ஆனால் வாசகன் அண்ணன் 'நம்ம கரையில் என்ன இருக்கு' என்று கேட்டதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூத்துக்குடியில் இருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள், 1986-லேயே தேசியப் பூங்கா. அங்கே குருசடைத் தீவில் மணலுக்குள் பலனோகிளாசஸ் என்று ஒரு புழு வாழ்கிறது. முதுகெலும்பு உள்ள உயிர்களுக்கும் இல்லாத உயிர்களுக்கும் நடுவில் நிற்கும் பாலம் என்று அதைத் தேடி எங்கிருந்தெல்லாமோ விலங்கியல் மாணவர்கள் வருவார்கள். நாம் அந்த வழியாக ராமேஸ்வரத்துக்குப் போய்த் திரும்புகிறோம்.

கூத்தன்குழி கடலோடி:

பேத்தை மீனை ஏன் யாரும் சொல்லவில்லை? வலையில் வந்தால் எடுத்து எறிவோம், வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கும். வலையையும் கடிக்கும், வலையில் மாட்டின நல்ல மீனையும் கடித்துக் குதறும், அந்தப் பல்லுக்கு நைலான் எல்லாம் தூசு. சின்ன வயதில் கரையில் கிடப்பதைக் காலால் தட்டி விளையாடுவோம், அம்மா சத்தம் போடுவார்கள், தொடாதே விஷம் என்று. அது எவ்வளவு விஷம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை உயிரியல் டீச்சர்:

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பேத்தையின் ஈரலிலும் சினையிலும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. சமைத்தாலும் போகாது, முறிவு மருந்தும் கிடையாது. நரம்பு வழியாகப் போகிற செய்தியை நிறுத்திவிடும். உதடு மரத்துப்போவதில் ஆரம்பித்து, கடைசியில் மூச்சுத் தசை வேலை செய்யாமல் போகும், ஆளுக்கோ நினைவு இருக்கும். மூச்சுக்கருவி வைத்து நஞ்சு வெளியேறும் வரை தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. அந்த நஞ்சைப் பெரும்பாலும் பேத்தை தானாக உண்டாக்குவதில்லை, பாக்டீரியாவில் தொடங்கி இரை வழியாக அதன் உடம்பில் சேருகிறது. ஜப்பானில் உரிமம் பெற்ற சமையல்காரர்தான் இந்த மீனைத் தொடலாம். நம் ஊரில் யாராவது மலிவாகத் தந்தால் வாங்கவே கூடாது.

இதே பேத்தைக் குடும்பத்தில் இன்னொரு கதை சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானின் அமாமி தீவுக்குப் பக்கத்தில், 1995-ல், கடலடி மணலில் சுமார் 2 மீட்டர் அகலத்துக்கு அழகான வட்டக் கோலங்களை முக்குளிப்பவர்கள் பார்த்தார்கள். யார் போட்டது என்று பல ஆண்டுகள் விளங்கவில்லை. ஒரு விரல் நீளத்துக்குச் சற்று அதிகமான ஆண் பேத்தை ஒன்று, வயிற்றையும் துடுப்பையும் உழுதுகொண்டே ஒரு வாரத்துக்கு மேல் உழைத்து அதைப் போடுகிறது. வரப்புகள், நடுவில் நைசான மணல், வரப்பின் மேல் சிப்பித் துண்டுகள். பெண் மீன் வந்து நடுவில் முட்டையிடும். கோலம் கலைந்தால் ஆண் மறுபடி வேறு இடத்தில் முதலில் இருந்து தொடங்கும். 2014-ல்தான் அந்த மீனுக்குத் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். மார்கழி விடியலில் வாசலில் குனிந்து கோலம் போடுகிற நம் பெண்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

திசையன்விளை தங்கம்:

இதைப் படித்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன் டீச்சர். ஒரு சந்தேகம். உவரிக் கடற்கரைக்குப் போனபோது நீலமாய் ஊதின பை போல ஒன்று, அடியில் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டு, மணலில் நிறையக் கிடந்தது. சின்னவன் எடுக்கப் போனான், பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாத்தா ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார்கள். அது என்ன?

முத்துநகர் மீன்வள மாணவி:

அந்தத் தாத்தாவுக்குப் பெரிய நன்றி சொல்லவேண்டும் அக்கா. அது பைசேலியா, போர்த்துக்கீசியப் போர்க்கப்பல் என்று பெயர் பெற்றது. பார்க்கச் சொறி என்கிற ஜெல்லி மீன் போல இருந்தாலும் அது ஒரே உயிர் இல்லை. மிதக்கும் பை ஒரு வேலைக்கு, கொட்டும் நூல்கள் ஒரு வேலைக்கு, செரிப்பது ஒன்று, இனம் பெருக்குவது ஒன்று என்று பல உயிர்கள் சேர்ந்த கூட்டுக் குடித்தனம். ஒன்றைப் பிரித்தால் அது தனியாகப் பிழைக்காது. நூல் 30 மீட்டர் வரை கூட நீளும். செத்து மணலில் காய்ந்து கிடந்தாலும் கொட்டும், அதுதான் ஆபத்து.

பட்டுவிட்டால் மண்ணைப் போட்டுத் தேய்க்கவே கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் தண்ணீரால் அலசி, ஒட்டியிருக்கும் நூலைக் கையால் தொடாமல் எடுத்துவிட்டு, பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் வைத்தால் வலி குறையும். மூச்சு முட்டினால், தலை சுற்றினால் நேரே ஆஸ்பத்திரி.

இதையே தின்கிற ஒன்று உண்டு, நீல டிராகன் என்கிற ஒரு ஓடில்லாத நத்தை, விரல் கணு நீளம்தான். தலைகீழாக மிதக்கும். பைசேலியாவைத் தின்று, அதன் கொட்டும் உறுப்புகளைச் செரிக்காமல் எடுத்துத் தன் உடம்பின் நுனிகளில் சேமித்துத் தனக்கு ஆயுதமாக்கிக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகரில் ஒதுங்கியது. அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்தால் அதுவும் கொட்டும்.

அப்புறம் சங்கு பொறுக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூம்பு வடிவத்தில், மேலே அழகான கோலம் போட்ட சங்கு உயிரோடு கிடைத்தால் தொடவேண்டாம். அதன் உள்ளே ஈட்டி போன்ற ஒரு பல் இருக்கிறது, அதில் நஞ்சு ஏற்றி மீனைக் குத்தும். பெரிய வகை ஒன்று மனிதர்களையும் கொன்றிருக்கிறது. அந்தக் குடும்பத்து நத்தை ஒன்றின் நஞ்சைப் பார்த்துச் செய்த கடும் வலி மருந்து, ஸிகோனோடைடு, 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வள்ளியூர் வாசகன்:

சரி, நம்ம கரையிலேயே இவ்வளவா! இன்னொன்று கேட்கிறேன். திமிங்கல எச்சம், அம்பர், கோடிக்கணக்கில் விலை என்று செய்தி வருகிறதே. கடற்கரையில் கிடைத்தால் எடுத்து விற்கலாமா?

உவரி அலைவாய்:

எடுக்காதீர்கள் அண்ணே, நம்ம மாவட்டத்துப் பையன்கள் இதனாலேயே கேஸில் மாட்டியிருக்கிறார்கள். வைத்திருந்தாலே குற்றம், விற்றால் சொல்லவே வேண்டாம். வனத்துறைக்கு ஒரு போன் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இடைத்தரகன் ஆசை காட்டுவான், மாட்டும்போது அவன் இருக்க மாட்டான்.

பாளை உயிரியல் டீச்சர்:

அது உண்டாகும் விதம் விற்பதைவிடச் சுவையானது. எண்ணெய்த் திமிங்கலம் கணவாயைத்தான் அதிகம் தின்னும். கணவாயின் வாயில் கிளி மூக்கு போலக் கெட்டியான அலகு இருக்கும், அது செரிக்காது. பெரும்பாலும் வாந்தியில் வெளியே போய்விடும். குடலுக்குள் இறங்கிவிடுகிற அலகுகளைச் சுற்றி மெழுகு போன்ற பொருள் சேர்ந்து சேர்ந்து கட்டியாகும், அதுதான் அம்பர். கடலில் மிதந்து வெயிலும் உப்பும் பட்டுப் பட்டு அந்த வாசனை வருகிறது.

நெல்லைச் சீமைக்காரன்:

திமிங்கலம் என்றதும், 2016-ல் திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் கூட்டமாகக் கரை ஒதுங்கியதே, அது நினைவிருக்கிறதா? அப்போதும் சுனாமி வரப்போகிறது என்றுதான் புரளி கிளம்பியது.

கூத்தன்குழி கடலோடி:

மறக்க முடியுமா? 80-க்கும் மேலே. பொங்கலுக்கு ரெண்டு மூன்று நாள் முன்னால். சொந்தக்காரர்கள் மணப்பாட்டில் இருக்கிறார்கள், நானும் போய்ப் பார்த்தேன். படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள், திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தது. மூச்சு விடுகிற சத்தமும், ஒன்றை ஒன்று கூப்பிடுகிற சத்தமும் இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினார்கள், யாரும் கூலி கேட்கவில்லை.

முத்துநகர் மீன்வள மாணவி:

அவை குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள். பாட்டி, மகள், பேத்தி என்று தாய்வழிக் குடும்பமாகவே வாழ்கிறவை. ஒன்று தடம் மாறினால் மற்றவை அதை விட்டுவிட்டுப் போகாது, இழுத்து விட்டாலும் கரையில் கிடக்கிற உறவின் குரலைக் கேட்டுத் திரும்பி வரும். 1973 ஜனவரியிலும் இதே தூத்துக்குடிக் கரையில் 147 ஒதுங்கின. 1973-லும் சுனாமி வரவில்லை, 2016-லும் வரவில்லை. அத்தையிடம் இதையும் சொல்லுங்கள் அண்ணாச்சி.

உவரி அலைவாய்:

ஒரு விஷயம் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். காப்பாற்று, விட்டுவிடு, தொடாதே என்று எங்களிடம் எல்லோரும் சொல்கிறார்கள். நாங்களும் விடுகிறோம். திமிங்கலச் சுறா மாட்டினால் வலையை அறுத்துத்தான் விடவேண்டும். உலகத்திலேயே பெரிய மீன், பல் இருந்தும் கடிக்காது, கூனியும் மீன் சினையும் வடிகட்டித் தின்கிற அப்பாவி. அதைக் கொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அறுத்த வலைக்கு யார் பொறுப்பு? ஒரு வலை போனால் ஒரு குடும்பத்துக்கு மாசக்கணக்கில் கடன். குஜராத்தில் இந்தச் சுறாவுக்காக வலையை அறுத்தால் அரசு இழப்பீடு கொடுக்கிறது. நம் பக்கம் பாக் நீரிணையில் ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, விடுவித்தவர்களுக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள், நல்லது. அதேபோல எங்கள் கரையிலும் இழப்பீடு வரவேண்டும். 'விநோத மீன்' என்று வீடியோ எடுக்க வருகிறவர்கள் இதையும் நாலு பேருக்குச் சொல்லட்டும்.

பாளை உயிரியல் டீச்சர்:

நியாயமான பேச்சு. 1995-ல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் திமிங்கலச் சுறாவின் வயிற்றில் 300 குட்டிகள் இருந்தன. ஒன்றை விடுவித்தால் எத்தனையை விடுவிக்கிறோம் என்று பாருங்கள். அந்தச் செலவை மீனவர் மட்டும் சுமப்பது சரியில்லை.

திசையன்விளை தங்கம்:

டீச்சர், சின்னவன் கடல் அட்டை எப்படி மூச்சு விடும் என்று கேட்கிறான். வகுப்பில் யாரோ சொன்னார்களாம், நம்ப மாட்டேன் என்கிறான்.

பாளை உயிரியல் டீச்சர்:

கேட்டது உண்மைதான் என்று சொல்லுங்கள். ஆசனவாய் வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுத்து மூச்சு விடும். சில வகைகளில் அந்த வழியாகவே ஒரு ஒல்லி மீன் உள்ளே போய்ப் பகலெல்லாம் தங்கியிருந்துவிட்டு, இரவில் இரை தேட வெளியே வரும். எதிரி வந்தால் அட்டை தன் குடலையே வெளியே கக்கிவிட்டுத் தப்பிக்கும், சில வாரங்களில் புதிதாக வளர்ந்துவிடும். மணலைத் தின்று அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு சுத்தமான மணலாக வெளியே விடும், மண்புழு நம் வயலுக்குச் செய்கிற வேலையைக் கடலடியில் செய்கிறது. இதையும் 2001-லேயே முதல் அட்டவணையில் சேர்த்துப் பிடிக்கத் தடை போட்டாயிற்று. இன்னும் இலங்கைக்குக் கடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். பையனை விடுமுறையில் மண்டபம் மீன் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நெல்லைச் சீமைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அந்த 336-க்கு ஒன்று கணக்கையும், 1973, 2016 விஷயத்தையும் தமிழில் சுருக்கமாக எழுதி எங்கள் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். அத்தையிடமும் போனில் பேசினேன். உவரி அண்ணாச்சி சொன்ன வலை இழப்பீடு பற்றித் தனியாக ஒரு இழை தொடங்குகிறேன், கடலோர ஊர்க்காரர்கள் உங்கள் அனுபவத்தை அங்கே எழுதுங்கள், சேர்த்து மனுவாகக் கொடுக்கலாம்.